பேனைக் குழுவில் வழக்காடும் பெறாமகனுக்கு

கோண்டாவில்,
மார்கழி.

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பி வைத்த குழுச் சண்டை முழுவதையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். "பெரியப்பா, ஆளை எப்படி மடக்கினேன் பாருங்கோ" என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தாய். பார்த்தேன். பேனையைப் பற்றி நீ சொன்னதில் அரைவாசி சரி. உன்னோடு வாதாடின ரொறன்ரோக்காரர் சொன்னதிலும் அரைவாசி சரி. ஆளைப் பற்றி நீ சொன்னதில் ஒன்றும் சரியில்லை. தொலைபேசியில் சொன்னால் இடையில் வெட்டிக் கதைப்பாய், அதனால்தான் கடிதம். என் எழுத்து விளங்காவிட்டால் உன் அப்பாவிடம் கொடு, அவனுக்கு அது பழக்கம்.

முதலில் விசயத்துக்கு வருவோம். திருவள்ளூரில் கையால் கடைந்து செய்கிற எபனைட் பேனை, உடலுக்குள் நேரே மை ஊற்றுகிற வகை. மை பாதிக்குக் கீழே போனதும் எழுதும்போது பொட்டென்று ஒரு துளி தாளில் விழுகிறது என்று அவர் எழுதினார். நீ என்ன எழுதினாய்? உன்னுடையது ஒரு துளியும் விட்டதில்லை, அவருக்குப் பேனை பிடிக்கத் தெரியாது, கனடாக் காசுக்குப் பேனை வேண்டலாம், கை வேண்ட முடியாது. உடனே அவர் ஊரில் இருக்கிற பொடியளைப் பற்றி ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு அங்கே நடந்தது பேனைக் கதை இல்லை.

இப்போது கணக்குப் பார். பேனைக்குள் மை குறையக் குறையக் காற்று கூடும். கைச் சூட்டில் அந்தக் காற்று விரியும், விரிகிற அளவுக்கு மையை வெளியே தள்ளும். குளிர்காலத்து ரொறன்ரோவில் சூடாக்கிய அறைக்குள் 20 பாகை என்று வை. பிடித்திருக்கிற பேனைக்கு உள்ளங்கை 32 பாகை வரை சூடு கொடுக்கும். 12 பாகை வித்தியாசம். உள்ளே 2 மில்லிலீற்றர் காற்று இருந்தால் அது நூற்றுக்கு 4 பங்கு விரியும், 0.08 மில்லிலீற்றர். ஒரு துளி என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர்தான். நிப்புக்குக் கீழே இருக்கிற நாக்கு கொஞ்சத்தைத் தாங்கும், மிச்சம் தாளில் விழும். வெள்ளவத்தையில் உன் அறை 29, 30 பாகை. அங்கே வித்தியாசம் 2, 3 பாகைதான். துளியின் பாதிக்கும் குறைவாகத்தான் மை தள்ளுப்படும், அதை நாக்கு விழுங்கிவிடும். உன் பேனை கக்காததற்குக் காரணம் உன் கைத்திறன் இல்லையடா, கொழும்பு வெயில். அவருக்குத் துளி விழுகிறது என்பதும் உண்மை, உனக்கு விழவில்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரவு முழுக்க ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நான் காலம் முழுக்க நொத்தாரிசு வேலை பார்த்தவன். ஒரு உறுதி எழுதினால் காணியின் பெயர், எத்தனை பரப்பு, எத்தனை குளி என்று எழுதிவிட்டு நிறுத்த முடியாது. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய வளவு, மேற்கே இன்னாருடையது, தெற்கே கோயில் காணி என்று நாலு எல்லையும் எழுத வேண்டும். எல்லை மயங்கின உறுதியால் வந்த வேலிச் சண்டைகள் எத்தனையைக் கண்டிருக்கிறேன்! ஒரு கதியாலை இரவோடு இரவாக அரை அடி தள்ளி நட்டதற்கு இரண்டு தலைமுறை கோடேறிய குடும்பங்கள் நம் ஊரிலேயே உண்டு. அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. "என்னுடையது" என்று சொன்னார்கள், அது எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கவில்லை. உன் கருத்தும் அப்படித்தான் கிடக்கிறது. "இந்தப் பேனை கக்காது" என்பது எல்லை இல்லாத காணி. "கொழும்பில், இந்த மையில், இந்த நிப்பில், இந்தக் கொப்பித் தாளில் எனக்குக் கக்கவில்லை" என்று எழுது. அதோடு யாருக்கும் சண்டை வராது. வந்தாலும் அடுத்தவர் தன் எல்லையைச் சொல்லுவார், நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது படிப்பீர்கள்.

உங்கள் சண்டைகளில் முக்கால்வாசி இந்த வகைதான். தங்க நிப்பா, உருக்கு நிப்பா என்று ஆளையாள் கடிக்கிறீர்கள். இரண்டிலும் தாளைத் தொடுகிற முனையில் இருப்பது வேறொரு கடின உலோகக் கலவையின் சிறு மணி. தங்கம் வந்ததற்குக் காரணம், பழைய இரும்பு மை அமிலத்தன்மை உடையது, உருக்கை அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது என்பது. மென்மையும் வளைவும் பெரும்பாலும் நிப்பைச் செய்த விதத்தில் இருக்கின்றன. யப்பானிய நிப்பில் மெல்லியது என்று போட்டிருப்பது ஐரோப்பிய நிப்பின் மெல்லியதைவிட ஒல்லியாக எழுதும், அதனால் ஒருவர் "கீறுது" என்கிறார், மற்றவர் "வழுக்குது" என்கிறார். தொமோயே ரிவர் தாளைப் பற்றிய வாக்குவாதத்தைப் பார்த்தேன். தொமோயேகாவா ஆலை 2021இல் அதைச் செய்வதை விட்டு, சான்சென் என்ற வேறு நிறுவனம் செய்யத் தொடங்கியது. இருவரும் வேறு வேறு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். லாமியின் கரு ஊதா மையும் அப்படித்தான்: 2016இல் வந்தது ஒன்று, 2024இல் அதே பெயரில் வந்தது வேறொன்று. எந்த வருடத்துக் குப்பி என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றி நீ என்னோடேயே வாதாடினவன். குழாய்த் தண்ணீரில் பேனையைக் கழுவினால் என்ன வரும் என்று கேட்டாய். கொழும்பில் ஒன்றும் வராது, அது ஆற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. இங்கே கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு பேனையின் நாக்குக் கீறலுக்குள்ளும் படியும். கடைசிக் கழுவலுக்கு நான் வடித்த தண்ணீர் பாவிக்கிறேன். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தண்ணீர் என்றால், உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் கூடின குழுவில் எத்தனை இருக்கும்?

இனிக் கொஞ்சம் பழைய கதை சொல்லுகிறேன், பொறுமையாகக் கேள். பேனையால் அடிபடுகிற விசயத்தில் யாழ்ப்பாணத்தவனுக்கு யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. நம் ஊர் 19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கண்டனமும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக அச்சடித்த ஊர். ஆறுமுக நாவலரை நான் கும்பிடுகிற ஆள். அவர் இல்லாவிட்டால் இப்போது நான் எழுதுகிற இந்த வசனநடையே இல்லை. ஆனாலும் அருட்பா விவகாரத்தை நினைத்தால் எனக்கு மனவருத்தம்தான். 1867இல் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகி வந்தன. அருட்பா என்பது திருமுறைக்கு உரிய பெயர், இருக்கிற ஒருவருடைய பாட்டுக்கு அதைக் கொடுக்கலாமோ என்பது நாவலரின் கேள்வி. நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் நின்று வாதாட இடமுள்ள கேள்வி. அது எங்கே போய் முடிந்தது? 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில், மானநட்ட வழக்காக. இரண்டு பெரியவர்களும் மறைந்த பிறகும் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், பின்னாளில் மறைமலையடிகள் என்று பெயர் பெற்ற வேதாசலம் மறுபக்கமுமாகச் சென்னையில் திரும்பவும் மூண்டது. அந்தக் கண்டனங்களை எல்லாம் ப. சரவணன் தேடித் தொகுத்திருக்கிறார், தடித்த புத்தகம். எடுத்துப் பார். பெயரை முறித்துப் பொருள் சொல்லி ஏசுவதும், பிறப்பை இழுப்பதும், படிப்பைப் பழிப்பதும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். அந்த முதல் கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவு இலக்கணம் தெரிந்த மனிதர்கள் அந்தக் கேள்வி ஒன்றையே பிடித்துக்கொண்டு எழுதியிருந்தால் இன்றைக்குத் தமிழுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்!

1960களில் இன்னொன்று நடந்தது. கதையில் பேச்சுத் தமிழ் வரலாமோ என்ற சண்டை. பண்டிதர் பக்கத்தில் அதை இழிசனர் வழக்கு என்றார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு இலக்கிய விழாவில் கூழ்முட்டை பறந்தது. எறிந்தவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது, அதை மறைக்கவில்லை. பேச்சுத் தமிழ் வென்றது, இன்றைக்கு அது இல்லாமல் ஈழத்துக் கதையே இல்லை. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முட்டைக் கதையைத்தான் சொல்லுவார்கள். அதே ஆட்கள் எழுதின கட்டுரைகளை நூலகத்தில் தேடி வாசிக்கிறவர் எங்கேயோ ஒருவர். நியாயம் உன் பக்கம் இருந்தாலும் இதுதான் நடக்கும். நீ எழுதின பேனைக் கணக்கு ஒருவருக்கும் நினைவிருக்காது, "கை வேண்ட முடியாது" என்றது நினைவிருக்கும்.

இதற்கு மாறாக ஒன்று சொல்லட்டுமா. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று பதிப்பித்தார். உதிர்ந்து கொட்டுகிற ஏடுகளிலிருந்து எடுத்த வேலை. கடைசி நாலு இயலில் அவர் நச்சினார்க்கினியர் என்று அச்சிட்டது உண்மையில் பேராசிரியர் உரை என்று, அவர் மறைந்த சில ஆண்டுகளில் இரா. இராகவையங்கார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் செந்தமிழ் இதழில் காட்டினார். எப்படிக் காட்டினார்? உரைக்குள்ளேயே இருக்கிற சான்றுகளை எடுத்து வைத்து, நச்சினார்க்கினியர் வேறிடத்தில் சொன்னதோடு ஒப்பிட்டு. சின்னத் திருத்தமா அது? ஒரு பெரிய உரையாசிரியரின் பெயரையே மாற்றின திருத்தம். அதை இன்றைக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். தாமோதரம்பிள்ளையின் மரியாதையில் ஒரு தூசும் குறையவில்லை. பிழை பிடிப்பது என்றால் இப்படிப் பிடிக்க வேண்டும். நீ அந்த ரொறன்ரோக்காரரிடம் அவருடைய பேனையில் எவ்வளவு மை இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் யார் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஊரில் என்றால் புதிதாக ஒருவரைக் கண்டவுடன் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவோம். அந்தக் கேள்விக்குள் சாதி அறிகிற நோக்கம் ஒளிந்திருக்கிறது, அதனால் உங்கள் குழுவில் அது இல்லாதது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வயதும் தெரியாமல் போகிறது. முன்னால் நிற்கிறவர் உன் அப்பாவின் வகுப்புத் தோழராக இருந்தால் என்ன செய்வாய்? ஆரம்பத்தில் "நீங்கள்" என்றாய், மூன்றாவது பதிலில் "நீர்" ஆனது, கடைசியில் "நீ" வந்துவிட்டது. ஆளைத் தெரியாவிட்டால் "அண்ணை" என்று தொடங்கு, கடைசி வரைக்கும் அதை விடாதே.

அவர் ஹீரோ 616 பற்றி எழுதினதற்கு நீ சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. 1941இல் வந்த பாக்கர் 51இன் முகத்தைப் பார்த்துச் செய்த சீனப் பேனைதான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே தாளே இல்லாமல் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து ஒரு சொட்டு எண்ணெயில் படித்த பிள்ளைகள் அப்போது இருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கையில் இருந்த பேனையை ஒருவர் இன்றைக்கும் நல்ல பேனை என்றால், அவர் சொல்லுவது நிப்பின் தரத்தை மட்டும் இல்லை. அவர் அப்படிப்பட்டவரோ என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்த வயதுக்காரர் எத்தனையோ பேர் உங்கள் குழுவில் இருக்கிறார்கள், எல்லாரும் உன் சிரிப்பை வாசித்தார்கள்.

அப்படியென்றால் எதற்கும் வாயே திறக்கக் கூடாதா என்று கேட்பாய். திறக்க வேண்டிய இடம் உண்டு. போலிப் பேனையை அசல் என்று ஒருவர் குழுவில் விற்கிறார் என்றால் படத்தோடு வெளிப்படையாகச் சொல். அங்கே மரியாதை என்று மௌனமாக இருந்தால் வேண்டுகிறவனுக்குத்தான் நட்டம். அமெரிக்காவின் நூட்லர்ஸ் மைக்கு 2022இல் நடந்ததைப் படித்திருப்பாய். சில மைக்குப்பிகளின் சீட்டில் யூதரை இழிவு செய்கிற சித்திரிப்பு இருக்கிறது என்று பேனைக்காரர்களே முறையிட்டார்கள். விற்பனையாளர் சிலர் அந்த மைகளை எடுத்து வைத்தார்கள், செய்தவர் மன்னிப்புக் கேட்டார், பெயர்களும் மாறின. அந்த முறைப்பாட்டுக்குப் பலம் கொடுத்தது, இந்தக் குப்பி, இந்தச் சீட்டு, இந்தப் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினது. அந்த மையைப் பாவிக்கிற எல்லாரையும் ஏசினவர்களும் இருந்தார்கள். அவர்கள் சத்தம் போட்டதுதான் மிச்சம். கடுமையாக எழுத வேண்டிய விசயத்தை ஒரு தடவை ஆதாரத்தோடு எழுது, பிறகு விட்டுவிடு. அதையே இரவு முழுக்க ஐந்து விதமாக எழுதினால் ஆதாரம் கூடாது, ஆத்திரம்தான் கூடும்.

இன்னொரு சின்ன விசயம். கோபத்தில் எழுதுகிற பதிலை முதலில் கையால் எழுது. பேனைப் பிரியன்தானே, தாளில் எழுதிப் பார். மூன்று வரிக்கு மேல் வராது, கை நோகும். வந்தாலும் அதை நீயே திரும்ப வாசிக்க வெட்கப்படுவாய். விரலால் தட்டுகிறதுக்கு அந்தத் தடை இல்லை.

நீ கவனிக்காத ஒன்றையும் நான் கவனித்தேன். உங்கள் சண்டைக்கு நடுவில் ஒரு பிள்ளை வந்து கேட்டிருக்கிறாள்: உயர்தரத்துக்குப் படிக்கிறாள் போலத் தெரிகிறது, சாதாரணக் கொப்பித் தாளில் மை பரவாமல் எழுத எந்த மைப்பேனை நல்லது என்று. முதல் தடவையாக எழுதினவள். அவளுக்கு மேலேயும் கீழேயும் நீங்கள் இருவரும் கத்தியிருக்கிறீர்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள் என்று ஒரு வரி கிடக்கிறது. மைப்பேனை எடுக்கிற இளம் பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? மற்ற எல்லாத்தையும்விட இதுதான் எனக்குக் கோபம்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு காரியம் செய். அந்தப் பிள்ளை யாருக்குத் தெரிந்தவள் என்று குழுவில் விசாரித்து, அவர் மூலமாகப் பதில் அனுப்பு: விலை கூடின பேனை தேவையில்லை, மெல்லிய நிப்பாகப் பார்த்து எடுக்கச் சொல், ஈரம் குறைந்த மை, பெலிகன் 4001 மாதிரி, கிடைத்தால் நல்லது, அழுத்தாமல் எழுதச் சொல், பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே பழகச் சொல். இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கிற பிள்ளை என்றால் என்னிடம் அனுப்பு, என் மேசை இலாச்சியில் சும்மா கிடக்கிற பேனை ஒன்றைக் கழுவிக் கொடுக்கிறேன்.

மற்றது, அந்த ரொறன்ரோ அண்ணைக்கு எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுது. கைத்திறனைப் பற்றிச் சொன்னது பிழை என்று ஒரு வரி போதும், நீட்டி முழக்காதே. பிறகு, உங்கள் அறையில் எத்தனை பாகை அண்ணை, மை எவ்வளவு இருக்கும்போது துளி விழுகிறது என்று கேள். அவர் சொல்லுகிற எண்ணை எனக்கும் எழுதி அனுப்பு, என் கணக்குச் சரியோ என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.